எட்டாவது மார்க் எங்கே

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலை. சிவக்கச் சிவக்கக் காய்ந்த கம்பி, உருளைகளுக்கு நடுவிலிருந்து சீறிக்கொண்டு வரும்போது, அதை இடுக்கியால் பிடித்து அடுத்த வாய்க்குத் திருப்பிவிடுவது ஆசீர்வாதத்தின் வேலை. கொஞ்சம் அசந்தால் கால் இருக்காது. அந்த வேலையில் அவர் ஒரு நாளும் பயந்ததில்லை. ஆனால் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, 'உக்காருங்க' என்று மரியாதையாகச் சொல்கிற ஆள் யாரைக் கண்டாலும் அவருக்குப் பயம். மரியாதை கொடுத்துவிட்டுத்தான் கழுத்தை அறுப்பார்கள் என்பது அவர் வாழ்க்கையில் படித்த ஒரே பாடம். அதில் அவர் டிஸ்டிங்ஷன்.

அப்படிப்பட்டவர்தான் மகள் மோனிகாவின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ் என்று ஒரிஜினல் அத்தனையையும் பூரணகும்பம் கலை அறிவியல் கல்லூரியின் கவுண்டரில் கேட்ட மாத்திரத்தில் எடுத்து நீட்டிவிட்டார். அதற்கு அவரிடம் நியாயம் இருந்தது. ஆலையில் ஷிப்டுக்குள் போகும்போது கேட்டில் செல்போனைக் கொடுக்கிறோம். வெளியே வரும்போது டோக்கனைக் காட்டினால் அதே செல்போன் கைக்கு வந்துவிடுகிறது. கல்லூரிக்கும் கேட் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார், ரசீதும் கொடுத்தார்கள். வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டார். உலகத்தில் எல்லா கேட்டும் ஆலை கேட் மாதிரி நாணயமாக இருக்கும் என்று நம்பியது அவர் செய்த பிழை.

மோனிகாவுக்கு வேதியியல் படிக்க வேண்டும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் இரும்புத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து 'இது சரியில்லை, திருப்பி அனுப்பு' என்று சொன்னதை அவள் கண்ணால் பார்த்தாள். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அறுநூற்றுக்கு ஐந்நூற்று முப்பத்தேழு வாங்கினாள். 'குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணமே இல்லை' என்று பூரணகும்பத்தின் வேன் காலனிக்குள் வந்து ஒலிபெருக்கியில் கத்திவிட்டுப் போனது. ஒரிஜினல் அங்கே போய்ச் சேர்ந்தது.

பிறகுதான் பொன்னேரி அரசு கலைக் கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. வேதியியலில் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரிஜினலோடு வந்து சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை காலை அப்பாவும் மகளும் பூரணகும்பத்தின் கவுண்டரில் நின்றார்கள். கவுண்டரில் சுமலதா என்கிற பெண். ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறவள், பேச்சு நம்ம ஊர்ப் பேச்சு, மனசும் கெட்டதில்லை.

"மறுகணக்கீடு நடந்துக்கினு இருக்குண்ணா. முடியிற வரைக்கும் செல்லுபடியாவுற சர்டிபிகேட்டு எதையும் வெளிய குடுக்கக் கூடாது. ரூலு."

"இன்னா கணக்கீடும்மா? அதான் மார்க்கு போட்டு கவுர்மெண்டே குடுத்துக்கீதே."

"அது கவுர்மெண்டு கணக்குண்ணா. இது நம்ம டீன் சார் கணக்கு. மேல போய்ப் பாருங்க."

மேலே டீன் ஹேமநாத் இருந்தார். டை கட்டியிருந்தார். 'உக்காருங்க' என்றார். ஆசீர்வாதத்துக்கு வியர்த்தது.

"மூணு மாசம் அமெரிக்காவுல என் பையன் வீட்டுல இருந்தேன்" என்று டீன் ஆரம்பித்தார். "அங்க ஒவ்வொரு காலேஜும் பசங்க மார்க்கை வாங்கித் தன் முறைப்படி திரும்பக் கணக்குப் போடுது. ஜிபிஏன்னு பேரு. ஆனா பாருங்க, ஆறாவது, ஏழாவது, எட்டாவது மார்க்கை அங்க பெரும்பாலும் யாரும் சீண்டறதே இல்ல. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. மனுஷன் உருவாகிற வயசே அதுதானே. ப்ளஸ் டூ மார்க்கைப் பாக்கிறவன் பழத்தைப் பாக்கிறான். நான் பழத்தைப் பாக்கிறதில்ல, வேரைத் தோண்டிப் பாப்பேன்."

வேரைத் தோண்டினால் மரம் என்ன ஆகும் என்று கேட்க மோனிகாவின் வாய் துறுதுறுத்தது. அப்பா அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

டீனின் கணக்கு இதுதான். ஆறாவதுக்கு முப்பது பங்கு, ஏழாவதுக்கு முப்பது, எட்டாவதுக்கு முப்பது. ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை நான்கையும் கட்டிச் சேர்த்துப் பத்துப் பங்கு. மோனிகாவுக்கு ஆறாவதில் நல்ல மார்க். ஏழாவதில் முழு ஆண்டுத் தேர்வு வருவதற்கு முன்னால் கொரோனா வந்துவிட்டது. எட்டாவதில் பள்ளிக்கூடமே திறக்கவில்லை. இரண்டு வருடமும் அரசாங்கம் எல்லோருக்கும் 'ஆல் பாஸ்' போட்டது. பாஸ் இருந்தது, மார்க் இல்லை. மார்க் இல்லாத இடத்தில் டீன் பூஜ்யம் போட்டார். மொத்தத்தில் பத்துக்கு மூன்று.

"சார், அந்த வருசம் யாருக்குமே மார்க்கு இல்ல சார்" என்றாள் மோனிகா.

"கொரோனா எல்லாருக்கும்தாம்மா வந்துச்சு. அதுக்காக எட்டாவது மார்க் எங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? காலிக் கட்டத்தை வெச்சு நான் கூட்டல் போட முடியுமா?"

"இந்தக் கணக்குல இதுவரைக்கும் எத்தினி பேரு தேறினாங்க சார்?" என்று கேட்டாள்.

டீனின் முகம் மலர்ந்தது. "ஒருத்தரும் இல்ல. மூணு வருஷமா இலவச சீட் அத்தனையும் காலியாவே இருக்கு. தரத்துல நாங்க சமரசமே பண்றதில்ல."

ஆசீர்வாதம் கையைக் கூப்பினார். "சார், இலவசம்லாம் வேணாம் சார். அந்த ஒரிஜினலை மட்டும் குடுத்துடுங்க. பொன்னேரில புள்ள சேந்துக்கும்."

"பாதிக் கணக்குல எப்படிங்க விடறது? கணக்கு முடியணும். அந்த ரெண்டு வருஷம் உங்க பொண்ணு படிச்சதுக்கு ஏதாவது ஆதாரம் கொண்டாங்க. மனசு வெச்சுப் பாக்கறேன்."

மனசு வைக்கிறேன் என்று பெரிய மனிதர் சொன்னால் ஏழைக்கு உயிர் பாதி போய்விடும். கீழே இறங்கி வரும்போது ஆசீர்வாதத்துக்குப் படி தெரியவில்லை.

ஆதாரத்துக்கு எங்கே போவது? அந்த வருடம் வாத்தியார்கள் பாடத்தை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். வீட்டில் ஒரே செல்போன். அது அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடும். போனால் ஆலை கேட்டில் தட்டில் கிடக்கும். எட்டாம் வகுப்புப் பாடம் முழுக்க நாள் முழுதும் அந்தத் தட்டில் கிடந்து, சாயங்காலம் அவரோடு வீட்டுக்கு வரும். மோனிகா வாசலிலேயே அதைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து எழுதுவாள். அந்த வருடம் அவரால் ஒரு இரண்டாவது போன் வாங்கித் தர முடியவில்லை. அது இத்தனை நாள் கழித்து இப்படி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

கடைசியில் மோனிகாதான் சொன்னாள். "கவுர்மெண்டு கல்வி டிவில பாடம் பாத்தேன்ல. கேபிள் மோகன்ராஜ் அண்ணன்கிட்ட ஒரு லெட்டரு வாங்கலாம்ப்பா."

மோகன்ராஜ் நல்ல மனிதர். 'மேற்படியார் வீட்டு இணைப்பு அந்த வருடம் முழுவதும் துண்டிக்கப்படாமல் சிறப்பாக இயங்கியது' என்று எழுதி, கேபிள் டிவி முத்திரையும் குத்திக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அது டீன் மேசைக்குப் போனது. டீன் அதைக் கிண்டலாகப் பார்க்கவில்லை, அதுதான் பயங்கரம். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"டிவி ஓடியிருக்கு. ஒத்துக்கறேன். ஆனா பொண்ணு டிவியைப் பாத்து உக்காந்திருந்துச்சா, முதுகைக் காட்டி உக்காந்திருந்துச்சா? இதுல இல்லையே."

மோனிகா வாயைத் திறப்பதற்குள் ஆசீர்வாதம் முந்திக்கொண்டார். மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் அவருக்குப் பொய் வராது. நிஜமும் அளவோடு வராது.

"கொஞ்சம் சைடு வாங்கினாப்லதான் சார் உக்காந்துக்கினு இருக்கும். ஊடு சின்னது சார். அடுப்பு ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம். இது நடுவுல காய் அரிஞ்சுக்கினே பாக்கும்."

டீன் 'பாதி முதுகு' என்று குறித்துக்கொண்டார். மோனிகா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் காய்ந்த கம்பியே தேவலை.

"பரவால்ல" என்றார் டீன். "நான் இரக்கமில்லாதவன் இல்ல. நம்ம குழுமத்துப் பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கு. நாளைக்கு எட்டாவதுக்கு எல்லாப் பாடத்துக்கும் சேத்து ஒரே நாள்ல பரீட்சை நடக்குது. உங்க பொண்ணும் உக்காந்து எழுதட்டும். வர்ற மார்க்கை ஏழாவது, எட்டாவது ரெண்டு காலிக் கட்டத்துலயும் போட்டுடறேன். தேறிட்டா கணக்கு முடிஞ்சுடும், ஒரிஜினலும் கைக்கு வந்துடும். ஆனா ஒண்ணு. ஃபெயிலானா நான் பொறுப்பில்ல. எட்டாவது ஃபெயிலான பொண்ணு அதுக்கு மேல படிச்சதெல்லாம் என்ன கணக்குன்னு அப்புறம் யோசிக்கணும்."

பூரணகும்பம் பள்ளியில் சீருடை இல்லாமல் பரீட்சை எழுதக் கூடாது. ஆகவே ப்ளஸ் டூ முடித்த பெண், புதன்கிழமை காலையில், பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் இரவல் வாங்கிய கட்டம்போட்ட சீருடையில், இரட்டைச் சடை மடித்துக் கட்டி, நீல ரிப்பன் முடிந்து கண்ணாடி முன்னால் நின்றாள். பாவாடை முழங்காலைத் தொடவில்லை. கீழே அப்பாவின் பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டாள். அம்மா பிரேமா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"அப்பா, எனக்குப் பயமா கீதுப்பா. பப்ளிக் எக்ஸாமுக்கே இப்பிடி இல்ல."

"பயப்படாதம்மா. எட்டாவதுதான" என்றார் ஆசீர்வாதம். சொன்னவர் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்.

அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து 'குட் மார்னிங் மிஸ்' என்றார்கள். அவள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால் இடித்தது. பக்கத்தில் இருந்த குட்டிப் பெண் வெகுநேரம் அவளையே பார்த்துவிட்டு, "எத்தினி வருசமாக்கா எழுதுற?" என்று பரிவோடு கேட்டாள். தாவர செல்லைப் படம் வரைந்து பாகம் குறி என்று ஒரு கேள்வி. பென்சில் அங்கேயே நின்றது. தெரியாததால் இல்லை. ஒரு பாகம் விட்டுப்போனாலும் ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நாலு வருடம் சரிந்து தலைமேல் விழும் என்ற பயம். ரப்பரால் அழித்து அழித்து மூன்று தடவை வரைந்தாள். வெளியே வெயிலில் ஆசீர்வாதம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லி முடித்து, தெரியாததையும் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பகல்தான் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை டீனோடு தாளாளர் இராமலிங்கமும் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலுக்கொரு மோதிரம்.

"வாழ்த்துக்கள்" என்றார் டீன். "எல்லாப் பாடத்துலயும் நூத்துக்கு நூறு. வகுப்புல முதலிடம்."

ஆசீர்வாதத்துக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உட்காரக்கூட நேரம் இல்லை.

"அதனால ஒரு சின்னச் சிக்கல்" என்று டீன் தொடர்ந்தார். "உங்க பொண்ணு எட்டாவது தேறினது இந்த வாரம். பன்னிரண்டாவது தேறினது மே மாசம். எட்டாவது தேறாத ஒருத்தர் பன்னிரண்டாவது எப்படி எழுத முடியும்? வரிசை தப்புது. எட்டாவதுக்கு முந்தின தேதியில இருக்கிற பன்னிரண்டாவதை எங்க கணக்கு ஏத்துக்கல. பத்தாவதும் அப்படித்தான். ரெண்டும் செல்லாது."

மோனிகா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் விரல் வெளுத்துப் போனதை ஆசீர்வாதம் பார்த்தார். மகள் படித்த படிப்பு தன் கண் முன்னால் ஆவியாகப் போகிறது, அதை உட்கார்ந்த இடத்திலிருந்து வேடிக்கை பார்க்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

"அந்தப் பரீட்சையை நீங்கதான சார் எழுதச் சொன்னீங்க" என்றாள் மோனிகா.

"ரூல்னா ரூல்தாம்மா" என்றார் தாளாளர் அன்பாக. "எனக்குப் பத்து இன்ஸ்டிடியூஷன் இருக்கு. ஒரு நாள் ஒரு ரூலை மீறினவன் இல்ல நான். ஏன்னா ரூலைப் போடறதே நான்தான்."

"நீங்க மனசு உடைஞ்சு போக வேண்டாம்" என்று டீன் ஆறுதல் சொன்னார். "நம்ம பள்ளிக்கூடத்துலயே ஒன்பதாவது சேந்துடட்டும். பீஸ்ல சலுகை உண்டு. நாலே வருஷம். அப்புறம் இதே காலேஜ்ல, இதே நாற்காலியில வந்து உக்காரலாம். மறுகணக்கீடு ரொம்ப சுலபமா முடிஞ்சுடும்."

ஆசீர்வாதம் நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்ப அந்த ஒரிஜினலு, சார்?"

"ஆமா, நல்லவேளை கேட்டீங்க." டீன் மணியை அழுத்தினார். சுமலதா வந்து எட்டிப் பார்த்தாள். "இந்தப் பொண்ணோட பேப்பரையெல்லாம் லாக்கர்லேருந்து எடுத்து இவங்ககிட்டயே குடுத்துடு. செல்லாத பேப்பரை உள்ள வெச்சிருந்தா, ஆய்வுக் குழு வர்றப்ப நமக்குத்தான் அசிங்கம்."

ஆசீர்வாதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சார், செல்லாதுன்னு சொல்லாதீங்க சார், வேற ஒரு வழி..." என்று அவர் ஆரம்பிக்க, மோனிகா அவர் காலை நன்றாக மிதித்தாள். எழுந்தாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சரிங்க சார். ஒம்பதாவது சேந்துக்கறேன் சார்" என்று கும்பிட்டாள். டீன் கண்கலங்கினார். ஒரு பிள்ளையைத் திருத்திவிட்ட திருப்தி அவருக்கு.

கவுண்டரில் உறை கைக்கு வந்தது. எண்ணிப் பார்க்கவும் நிற்காமல் இருவரும் நடந்தார்கள். ஓடினால் சந்தேகம் வரும் என்று மெதுவாக நடந்தார்கள். அப்படி நடப்பது ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கேட்டில் வாட்ச்மேன் பச்சையப்பன் கையை நீட்டி மறித்தார்.

"கவர்ல இன்னா? சர்டிபிகேட்டா? வெளிய போறதுக்குச் சீட்டு வேணுமே."

ஆசீர்வாதம் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பச்சையப்பன் போனை எடுத்து அலுவலகத்துக்குப் பேசினார். சுமலதாவின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"அது வேஸ்ட் பேப்பருண்ணா. செல்லாதுன்னு டீன் சாரே சொல்லிட்டாரு. வுட்டுடுங்க."

பச்சையப்பன் நோட்டை விரித்தார். வெளியே போகும் பொருள் என்ற இடத்தில் 'கழிவு' என்று எழுதி, ஆசீர்வாதத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆலையில் ஸ்கிராப் லாரிக்கு இப்படித்தான் எழுதுவார்கள் என்று ஆசீர்வாதத்துக்குத் தெரியும். ஐந்நூற்று முப்பத்தேழு மார்க் எடுத்த மகளின் படிப்பு ஸ்கிராப்பாக கேட்டைத் தாண்டியது. அவர் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் தன் பேரே பாதிதான் வந்தது.

கவரைப்பேட்டையில் ரயில் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, ஆட்டோவில் விழுந்து, அரசு கல்லூரியின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அங்கே மின்விசிறியை நிறுத்தப் போகிற நேரம். காயத்ரி என்று பெயர்ப்பலகை வைத்திருந்த எழுத்தர் உறையைப் பிரித்து, மார்க் ஷீட்டைப் பார்த்து, தேதியைப் பார்த்து, தலையைத் தூக்காமல் எழுத ஆரம்பித்தார். கழுத்தில் அவருக்கும் ஓர் அடையாள அட்டை தொங்கியது. அது போதும் ஆசீர்வாதத்துக்கு.

"மேடம்" என்றார். "எட்டாவது மார்க்கு..."

மோனிகா மிதிக்கக் காலைத் தேடினாள். அவர் தள்ளி நின்றிருந்தார்.

"எட்டாவதா?" என்று எழுத்தர் நிமிர்ந்தார். "அத்த யாருங்க கேட்டா? திங்கக்கிழமை காலையில கிளாஸு. லேப் கோட்டு ஒண்ணு தெச்சுக்கச் சொல்லுங்க."

ஆசீர்வாதம் அங்கேயே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். பெரிய மனிதன் இப்படி அழலாமா என்று மோனிகா கேட்கவில்லை, அவளும் அழுதுகொண்டிருந்தாள். எழுத்தர் மின்விசிறியை நிறுத்தாமல் விட்டுவிட்டுப் போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாதம் கல்கத்தா ஹைவேயில், சிப்காட்டுக்குத் திரும்பும் இடத்தில், மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் எழுந்தது. பரீட்சையன்று யாரோ எடுத்துவைத்த படம். இரட்டைச் சடை, நீல ரிப்பன், கட்டம்போட்ட சீருடை. 'எட்டாம் வகுப்பில் முதலிடம். பூரணகும்பத்தின் சாதனைக் குழந்தை மோனிகா. சேர்க்கை நடைபெறுகிறது.' தாளாளர் ஒரு மூலையிலிருந்து ஆசி வழங்கினார்.

அன்றிலிருந்து மோனிகா ஊரிலிருந்து ஸ்டேஷனுக்குப் பஸ்ஸில் போகும்போது, அந்த இடம் வந்தால் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறாள். கூடப் படிக்கிறவர்கள் யாராவது பார்த்துக் கேட்டு, அது பேச்சாகி, பேச்சு பூரணகும்பத்தின் காதுக்குப் போய், அவர்கள் மறுபடி எதையாவது கணக்குப் போட்டுவிட்டால்? ஆலை பஸ்ஸில் ஆசீர்வாதத்துக்கும் அதே நடுக்கம். அந்தத் திருப்பத்தில் அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்வார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், பிளெக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டினான்.

"அண்ணே, அது உங்க பொண்ணுதான? எட்டாவதுல ஃபர்ஸ்ட்டா? பெரிய விசயம்ண்ணே. நம்ம ஆளுங்க பொம்பளப் புள்ளைங்கள எட்டாவதோட நிறுத்திப்புடுவானுங்க. நீங்க அந்தத் தப்பப் பண்ணிடாதீங்க. எப்பிடியாவது காலேஜு வரைக்கும் வுடுங்க."

ஆசீர்வாதம் முன் சீட்டுக்காரர்களைப் பார்த்தார், பின் சீட்டுக்காரர்களைப் பார்த்தார். பிறகு ரகுவின் காதருகே குனிந்து, ஏதோ திருடியதை ஒப்புக்கொள்கிறவர் போலச் சொன்னார்.

"வுட்டுட்டேன்பா. யாராண்டயும் சொல்லாத."